ரெண்டாம் நம்பர் மையத்தின் மாலை நாற்காலி

என் அண்ணனிடம் ஒரு வார்த்தை உண்டு. "பெட்டி மேல எழுதியிருக்கறத நம்பாத. மூடியத் தொறந்து பாரு."

கிள்ளானில் ஒரு லோரிப் பட்டறையின் உதிரிப்பாக ஸ்டோரை இருபது வருடத்துக்கு மேல் கட்டிக் காத்தவர் அவர். பிரேக் ஷூ என்று எழுதிய பெட்டிக்குள் கிளட்ச் பிளேட் இருக்கும். எழுதியவன் பொய் சொல்லியிருக்க மாட்டான், பெட்டிதான் இடம் மாறியிருக்கும் என்பார். நான் பிறர் சொல்லும் வார்த்தைகளைப் பொறுக்கிச் சேர்க்கிறவள். தே தாரிக் தேநீர்க் கடையில், கொமுட்டர் ரயிலில், கோயில் அன்னதான வரிசையில் காதில் விழுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். அண்ணனின் இந்த வார்த்தையும் அதில் இருக்கிறது. எழுதி வைத்ததோடு சரி.

நான் வேலை பார்ப்பது பிரிக்பீல்ட்ஸில், புடவைக் கடைகளுக்கு மேல் மாடியில் இருக்கும் ஒரு டயாலிசிஸ் தொண்டு அமைப்பின் தலைமை அலுவலகத்தில். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வாரம் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்பும் மையங்கள் எங்களுக்கு அப்போது நான்கு இருந்தன. முதலில் திறந்தது பிரிக்பீல்ட்ஸ். அடுத்தது கிள்ளான். மூன்றாவது காஜாங், நான்காவது ரவாங். திறந்த வரிசையிலேயே எண் வைத்துவிட்டார்கள். அலுவலகத்தில் ஊர்ப் பெயரைச் சொல்லி யாரும் பேச மாட்டோம். சாவிக்கொத்தில் 2 என்று இருந்தால் கிள்ளான். கோப்பின் முதுகில் 3 என்றால் காஜாங். கிள்ளான் மிஸி போனை எடுத்தாலே "ரெண்டாம் நம்பர் பேசறேன்" என்றுதான் தொடங்குவார். நர்ஸ்களை இங்கே மிஸி என்றுதான் கூப்பிடுவோம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஒரு வாரம் முழிப்பார்கள், பிறகு அவர்களுக்கும் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஒட்டிப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது.

அண்ணனுக்குச் சிறுநீரகம் போனபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. இனிப்பு நோய் எங்கள் குடும்பச் சொத்து. அவர் கவலைப்பட்டது உயிருக்காக அல்ல, ஸ்டோருக்காக. "பகல்ல ஊசி குத்திட்டு நான் படுத்துக் கெடந்தா அங்க எவன் சாமான் எடுத்துக் குடுப்பான்?" என்றார். அதிர்ஷ்டம், ரெண்டாம் நம்பரில் மாலை ஷிஃப்டில் ஓர் இடம் இருந்தது. திங்கள், புதன், வெள்ளி, மாலை ஐந்து மணி. நாலரைக்கு ஸ்டோரைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தால் சரியாக இருக்கும். ஜன்னலோர நாற்காலி அவருடையதானது.

அந்த மாலை ஷிஃப்டே தனி உலகம். எல்லோரும் வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஒருவர், பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் போடுகிற பாய் ஒருவர், பழக்கடைச் சீன அங்கிள் ஒருவர், ஒரு தொழிற்சாலைக் கண்காணிப்பாளர் அம்மா. "பகல்ல மனுசனுக்கு வேல, சாயங்காலம் மெசினுக்கு வேல. உங்களுக்கு ஓவர் டைம் கெடையாது லா" என்று மிஸி கிண்டல் செய்வார். நான் அலுவலகக் காரியமாகப் போகும்போதெல்லாம் அண்ணன் கையில் குழாயோடு படுத்தபடியே மற்றவர்களிடம் சொல்லுவார்: "பாத்துக்குங்க, என் தங்கச்சி. கம்ப்யூட்டர்ல ஆராய்ச்சி பண்றவ. எந்த யுனிவர்சிட்டியும் கெடையாது, ரயில்லயே படிச்சா." எனக்குக் கூச்சமாக இருக்கும். உள்ளுக்குள் பிடித்தும் இருக்கும்.

ரயிலில் படித்தது உண்மை. நான் ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவள். வேலைக்குச் சேர்ந்தது தரவுகளைத் தட்டச்சு செய்ய. யார் எந்த மையத்துக்கு எந்த ஷிஃப்டுக்கு வந்தார், யார் வரவில்லை, யார் காத்திருப்புப் பட்டியலில் என்று நாள்தோறும் ஏற்றுவேன். ஒரு கட்டத்தில், தட்டிக்கொண்டே இருக்கிறோமே, இது என்ன சொல்கிறது என்று யோசனை வந்தது. ஆர் என்று ஒரு மொழி, புள்ளிவிவரக் கணக்குக்காகவே செய்த கணினி மொழி, இலவசமாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டேன். கிள்ளானிலிருந்து அலுவலகத்துக்கு அருகிலுள்ள கே.எல். சென்ட்ரல் நிலையம் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கொமுட்டரில் போவேன், வருவேன். காதில் ஒயர் மாட்டி வீடியோ பார்த்து இரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். காலை விட்டால்தானே ஆழம் தெரியும் என்று நான் பதில் சொல்வேன்.

பிறகு ஒரு பேராசிரியர் வந்தார். தொண்டாக எங்களுக்கு ஒரு மாடல் செய்து கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். வரப்போகும் நாட்களில் எந்த மையத்தில், எந்த ஷிஃப்டில் ஆள் கூடும், எதில் குறையும் என்று சொல்கிற மாடல். அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் அலுவலகத்தில் நான்தான். மேனேஜர் என்னைவிடப் பத்து வயது இளையவர், பட்டதாரி. ஆனாலும் "அக்கா, நீங்கதான் நமக்கு சயின்டிஸ்ட்" என்பார்.

அந்த மாடல் கொடுக்கும் விடையை முதலில் என்னால் தலையில் வாங்கிக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு மையத்துக்கும் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஓர் எண் வரும். கூட்டல் என்றால் வரிசை வளர்கிறது, கழித்தல் என்றால் தேய்கிறது. இதற்கு பாராமீட்டர் என்று பேர். அதையும் ஒரு முறை சொல்லி விடாது. இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம் என்று நாலாயிரம் தடவை சொல்லும். ஆக நாலாயிரம் எண்கள், நான்கு மையங்கள், மூன்று ஷிஃப்டுகள், எல்லாம் ஒரே கட்டாக, முப்பரிமாணத்தில் அடுக்கி வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை அண்ணனிடம் புலம்பினேன்.

"இதுல என்ன இருக்கு பாப்பா?" என்றார். நாற்பத்து நான்கு வயதிலும் நான் அவருக்குப் பாப்பாதான். "என் ஸ்டோரு மாதிரிதானே. எந்த ரேக்கு, ரேக்குல எந்தத் தட்டு, தட்டுல எந்தப் பெட்டி. மூணையும் சொன்னா சாமான் கையில."

அவ்வளவுதான், விளங்கிவிட்டது. சதுர அடைப்புக்குள் மூன்று இடம், நடுவில் இரண்டு காற்புள்ளி. வேண்டியதை அந்தந்த இடத்தில் சொன்னால் அதை மட்டும் உருவி எடுத்துத் தரும். ஓர் இடத்தைக் காலியாக விட்டால் அதில் எல்லாமும் வேண்டும் என்று பொருள். கிள்ளானின் மாலை ஷிஃப்ட் வேண்டுமா? நாலாயிரமும் வேண்டும், ரெண்டாம் நம்பர் மையம், மூன்றாவது ஷிஃப்ட். நான் எழுதினேன்:

[ , 2, 3]

எழுதும்போது மனம் யோசிக்கவில்லை. ரெண்டாம் நம்பர் என்றால் கிள்ளான். அலுவலகத்தில் காப்பி கலக்குகிற அம்மாவுக்குக்கூட அது தெரியும்.

எண்ணுக்குப் பதிலாக ஊரின் பெயரையே மேற்கோளில் போட்டும் கேட்கலாம். அது எனக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். ஒரே ஒரு மையத்தை மட்டும் கேட்டால், ஆர் அதன் மேல் ஒட்டியிருக்கும் பேரை உரித்துப் போட்டுவிட்டு வெறும் எண்களைத் தரும். பெட்டியைக் கடாசிவிட்டுச் சாமானை மட்டும் மேசையில் கொட்டுகிற மாதிரி. உரிக்காதே என்று சொல்ல ஒரு சிறு சொல்லைக் கூடச் சேர்த்தால் போதும், பேர் தலையிலேயே நிற்கும். நான் சேர்க்கவில்லை. பேரில்லாமல் பார்க்கச் சுத்தமாக இருந்தது.

விடையைப் பார்த்தேன். கிள்ளான் மாலை, கழித்தல். நாலாயிரத்தில் ஏறக்குறைய எல்லாமே கழித்தல். காஜாங் மாலை, கூட்டல். சரியாகத்தான் செய்திருக்கிறேனா என்று ஒன்றாம் நம்பரைச் சோதித்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஆள் கூடுவதும் குறைவதும் எனக்கு மனப்பாடம், விடை அதோடு அப்படியே பொருந்தியது. நாலாம் நம்பர் ரவாங்கும் சரி. தலையும் சரி, வாலும் சரி. நடுவில் இருக்கிற இரண்டையும் திறந்து பார்க்க எனக்குத் தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. ஆனால் உடனே இன்னொரு நினைப்பு வந்து கையைப் பிடித்தது. உன் அண்ணன் அங்கே இருக்கிறார், அதனால்தானே உனக்குச் சந்தேகம் வருகிறது? வேறு எந்த மையமாக இருந்தாலும் இப்படித் திரும்பிப் பார்ப்பாயா?

திறந்து பார்க்காமலே மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா, உங்க பிரதர் ரெண்டாம் நம்பர் ஈவ்னிங்தானே?"

"ஆமா."

"தெரிஞ்சும் மறைக்காம கொண்டாந்தீங்க பாருங்க. அதான் அக்கா வேணும். இந்த மாதிரி ஆளு பத்துப் பேரு இருந்தா போதும், இந்த எடமே மாறிடும்."

அந்தப் புகழ்ச்சியை நான் கொமுட்டரில் வீடு வரை சுமந்துகொண்டு போனேன். இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது. நேர்மை என்று பேர் எழுதிய பெட்டி அது. அதற்குள் என்ன இருந்தது என்று நான் திறந்து பார்க்கவில்லை.

நிர்வாகக் குழு கூடியது. கிள்ளான் தலைமை மிஸியும் வந்திருந்தார். முப்பது வருடமாக ஊசி குத்துகிற கை, பேச்சும் அப்படியே.

"என்னய்யா தேயுது? சாயங்காலத்துல என் நாற்காலி ஒண்ணாவது காலியா இருக்கா? வெளிய ஏழு பேரு காத்துக்கிட்டிருக்காங்க சாயங்காலத்துக்கு" என்றார்.

"இன்னைக்கு ஃபுல்தான் மிஸி, யாரும் இல்லைன்னு சொல்லல. இது வரப்போறதைச் சொல்லுது" என்றார் மேனேஜர்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது தம்பி. ஒரு நாளு வந்து வாசல்ல நின்னு பாருங்க."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "அக்கா, மாடல் ஷுவர்தானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மிஸியும் பார்த்தார். அவருக்கு என் அண்ணனைத் தெரியும், அண்ணனின் நரம்பு எங்கே ஓடுகிறது என்பதுகூடத் தெரியும். நான் சொன்னேன்: "ஷுவர்." அந்த ஏட்டுச் சுரைக்காயையும் அன்று நோட்டில் எழுதிக்கொண்டேன். நல்ல இடத்தில் போட்டார் என்று ரசித்து எழுதினேன்.

இரண்டு மாதத்தில் ரெண்டாம் நம்பரின் மாலை ஷிஃப்டை மூடினார்கள். அங்கிருந்த ஆட்களைக் காலையிலும் மதியத்திலும் காலியாக இருந்த நாற்காலிகளுக்குப் பிரித்துவிட்டார்கள். மாலைக்கு மட்டும் ஓடிய சில இயந்திரங்கள் லோரியில் ஏறி காஜாங்குக்குப் போயின. காஜாங் மிஸி போனில் கேட்டார்: "எங்களுக்கு எதுக்கு இவ்வளவு? சாயங்காலம் இங்க ஈ ஓட்டறோம்." கேட்டாரே ஒழிய வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுப்பதை யார் வேண்டாம் என்பார்கள்?

அண்ணனுக்குக் கிடைத்தது காலை ஏழு மணி. முடிந்து வெளியே வரப் பதினொன்றரை ஆகும். ரத்தம் உள்ளே போய் வெளியே வந்த களைப்பில் உடனே எழுந்து ஓடவும் முடியாது. பட்டறை முதலாளி, தவுக்கே என்போம், நல்ல மனிதர், சீனர். முதல் மாதம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் லோரிகள் காலையில்தான் பழுது பார்க்க வந்து நிற்கும், காலையில்தான் சாமான் வேண்டும். இரண்டாம் மாதம் ஸ்டோருக்கு வேறு ஆள் போட்டார். அண்ணனை மதியத்துக்கு மேல் வந்து பில் அடுக்கச் சொன்னார். இரண்டு வாரம் போனார். தன் ரேக்குகளில் இன்னொருவன் கை நீட்டித் தேடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை போல. மூன்றாம் வாரம் சாவியைத் தவுக்கே மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அப்போதும் என்னிடம் குறை சொல்லவில்லை. "கணக்குப் பாத்துத்தானே பாப்பா செஞ்சிருப்பாங்க. எங்களால நாலு பேருக்குக் காஜாங்ல எடம் கெடைச்சா நல்லதுதானே" என்றார். அந்தக் கணக்கைப் போட்டது நான் என்று அவருக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாம். சரியான கணக்குத்தானே, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

காஜாங் மாலை நாற்காலிகள் நிறையவே இல்லை. கிள்ளான் மாலைக்காகக் காத்திருந்த ஏழு பேர் பத்துப் பேரானார்கள். மாடல் சொன்னது நடக்கச் சில மாதம் ஆகும் என்று மேனேஜர் சொன்னார். நானும் சொன்னேன்.

அந்த வருடக் கடைசியில் ஐந்தாவது மையம் திறந்தார்கள், அம்பாங்கில். எல்லோரும் உடனே அஞ்சாம் நம்பர் என்று கூப்பிட ஆரம்பித்தோம். புதிய தரவுகளைச் சேர்த்து மாடலை மறுபடி ஓட்டினேன். வழக்கப்படி முதலில் ஒன்றாம் நம்பரைச் சோதித்தேன். பிரிக்பீல்ட்ஸ் எண்கள் தாறுமாறாக இருந்தன. ஒரு மாதமே வயதான குழந்தையின் எண்கள் மாதிரி, பிடிமானம் இல்லாமல். மறுபடி ஓட்டினேன். அதேதான். அப்போதுதான் எல்லாப் பேரையும் வரிசையாகக் காட்டு என்று கேட்டேன். முதல் தடவையாகக் கேட்டேன்.

முதலில் அம்பாங். அடுத்து பிரிக்பீல்ட்ஸ். பிறகு காஜாங். பிறகு கிள்ளான். கடைசியில் ரவாங்.

ஆங்கில அகர வரிசை. ஆர் அப்படித்தான் அடுக்கும். எந்த மையத்தை எப்போது திறந்தோம், யார் விளக்கேற்றினார்கள் என்பதெல்லாம் அதற்கு எப்படித் தெரியும்? ஷிஃப்டை 1, 2, 3 என்று எண்ணாகவே ஏற்றியிருந்ததால் அது மாறவில்லை, ஊரை மட்டும் எழுத்தைப் பார்த்து அடுக்கியிருக்கிறது. அம்பாங் வருவதற்கு முன்னால் பிரிக்பீல்ட்ஸ் ஒன்று, காஜாங் இரண்டு, கிள்ளான் மூன்று, ரவாங் நான்கு. நான் ரெண்டாம் நம்பரைக் கேட்டேன். அதுவும் அதன் ரெண்டாம் நம்பரைக் கொடுத்தது. காஜாங்கின் தேய்வை எடுத்துக் கிள்ளான் தலையில் எழுதிவிட்டேன். கிள்ளானின் வளர்ச்சியைக் காஜாங்குக்குக் கொடுத்துவிட்டேன். முதலும் கடைசியும் தற்செயலாகப் பொருந்தியிருந்ததால் சோதனையில் மாட்டவில்லை.

மாடல் பிழை செய்யவில்லை. கிள்ளான் மாலை வளர்கிறது என்று அன்றைக்கே நாலாயிரம் தடவை சொல்லியிருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தேன். கீழே ஏதோ கடையில் மணி அடித்து ஊதுபத்தி காட்டினார்கள், வாசனை மேலே வந்தது. பிறகு எழுந்து போய் மேனேஜரிடம் சொன்னேன்.

அவர் கதவைச் சாத்தினார். "அக்கா, மெசின் எல்லாம் காஜாங் போயி, பைப்பு போட்டு, டைல்ஸ் ஒட்டி முடிச்சாச்சு. இப்ப போயி குழுகிட்ட ஏ பி சி டி மாறிப்போச்சுன்னு சொல்லவா?"

"சொல்லித்தானே ஆகணும்."

"அடுத்த ரிப்போர்ட்ல சரியா போடுங்க. தானா சரியாயிடும். தப்பு நடந்தா திருத்தலாம் அக்கா. தப்புன்னு எழுதிக் குடுத்தா அது நிக்கும்."

இதையும் ஒரு நாள் நோட்டில் எழுதினேன். மனிதர்கள் எப்படிப்பட்ட வார்த்தைகளையெல்லாம் கண்டுபிடிக்கிறார்கள்! அவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நகர்ந்துவிட முடியாது. அவர் சொன்ன பிறகு மூன்று வாரம் நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ரயிலில் வந்தேன், போனேன். மூன்று வாரம் என்றால் அண்ணனுக்கு ஒன்பது காலைகள்.

பத்தாவது காலை முடிந்த மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் தரையில் உட்கார்ந்து மைலோ டின்களில் ஆணிகளையும் நட்டுகளையும் அளவு பார்த்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிப் போட இருந்தாராம், வாங்கி வந்திருக்கிறார். கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே.

எல்லாவற்றையும் சொன்னேன். ரேக்கு, தட்டு, பெட்டி என்று அவருடைய வார்த்தையிலேயே சொன்னேன். ரேக்கு எண் மாறிப்போனதைச் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. ஒரு நட்டை விரலில் உருட்டிப் பார்த்து டின்னில் போட்டார்.

"பேரு சொல்லிக் கேட்டா குடுக்காதா அது?"

"குடுக்கும்ணே."

"அப்பறம் ஏன் நம்பரு போட்ட?"

"பழக்கம்."

இன்னொரு நட்டு விழுந்தது. "மூடியத் தொறந்து பாக்கலியா?"

"பாக்கணும்னு நெனச்சேன். நீங்க அங்க இருக்கீங்கன்னுதான் பாக்கல. எங்கண்ணனுக்காகத் திருப்பிப் பாத்தேன்னு ஆயிடுமேன்னு."

அலுவலகத்தில் இந்தப் பதில் எவ்வளவு உயர்வாகத் தெரிந்தது! அந்த முன்னறையில், மைலோ டின்களுக்கு நடுவே, அது அசிங்கமாக விழுந்தது. அண்ணன் நிமிர்ந்தார். கோபத்தை எதிர்பார்த்தேன், கோபம் இல்லை. என்னை முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

"யாரோ ஒருத்தன் அங்க இருந்திருந்தா தொறந்து பாத்திருப்ப" என்றார்.

உடனே அவரே முடித்தார்.

"தாக் அப்பா லா" என்றார். பரவாயில்லை என்று மலாயில். எங்கள் ஊரில் இந்த வார்த்தையைப் பத்து விதமாகச் சொல்லலாம். கதவைச் சாத்துவதற்கும் இதைத்தான் சொல்வார்கள்.

மறுநாள் குழுவுக்கு நானே கடிதம் எழுதினேன், என் பேரைப் போட்டு. யாரும் திட்டவில்லை. நன்றி சொன்னார்கள். மனிதர்க்கு வரும் தவறு என்று பதிவு செய்துகொண்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எனக்குப் பழியே வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். மேனேஜர் மட்டும் அன்றிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிடுவதில்லை, "மேடம்" என்கிறார்.

இயந்திரங்கள் திரும்பி வர, தண்ணீர்க் குழாய் மறுபடி போட, ஆள் சேர்க்க இன்னும் சில மாதம் ஆயிற்று. கிள்ளான் மாலை ஷிஃப்டை மறுபடி திறந்தார்கள். காத்திருந்தவர்களுக்கு இடம் கிடைத்தது. பள்ளிக்கூடக் கிராணி திரும்பி வந்தார். ரொட்டி சானாய் பாய் இதற்கிடையில் ஊருக்கே போய்விட்டார். தலைமை மிஸி என் எதிரிலேயே அண்ணனுக்குப் போன் போட்டார். நான் கேட்கட்டும் என்றே ஸ்பீக்கரில் போட்டார் என்று நினைக்கிறேன்.

"அண்ணே, உங்க ஜன்னலு சீட்டு காலியா வெச்சிருக்கேன். சாயங்காலத்துக்கு வந்துடுங்க."

"எதுக்கு மிஸி?" அண்ணனின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நாளு பூரா சும்மா இருக்கவனுக்குக் காலையும் ஒண்ணு, சாயங்காலமும் ஒண்ணு. வேலைக்குப் போறவன் எவனுக்காச்சும் குடுங்க."

"பட்டறையில திருப்பிக் கேட்டுப் பாருங்களேன்."

"அந்தப் பையன் இப்ப ஸ்டோர நல்லா வெச்சிருக்கானாம். நான் வெச்ச எடமெல்லாம் மாத்திட்டானாம். இனிமே நான் போனாலும் எனக்கு ஒண்ணும் கெடைக்காது."

மிஸி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று யாராவது சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது நான் எழுதும் ஒவ்வொரு வரியிலும் ஊரின் பெயரையே போடுகிறேன். பேரை உரிக்காதே என்கிற அந்தச் சிறு சொல்லையும் மறக்காமல் சேர்க்கிறேன். திரையில் ஒவ்வொரு கட்டின் தலையிலும் ஊர்ப் பெயர் தெளிவாக நிற்கிறது. அலுவலகத்தில் மட்டும் இன்றைக்கும் ரெண்டாம் நம்பர், மூணாம் நம்பர்தான். ஊரைச் சொல்லிப் பேசுங்கள் என்று ஒரு கூட்டத்தில் கேட்டுப் பார்த்தேன். சரி என்றார்கள். கூட்டம் முடிந்து வெளியே வருவதற்குள் "அஞ்சாம் நம்பர் சாவி எங்க?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

போன மாதம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கக் கிள்ளான் மையத்துக்குக் காலையில் போனேன். அண்ணன் உள்ளே நடுவரிசையில் இருந்தார். ஜன்னல் இல்லாத நாற்காலி. இளைத்திருந்தார். கையில் ஒட்டிய குழாயைத் தாங்கிக்கொண்டு கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெரியவர். நான் அருகில் போய் நின்றேன்.

"சாப்பிட்டீங்களாண்ணே?"

"ம்."

வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் போர்வையைச் சரிசெய்தேன். அவர் தடுக்கவில்லை. நான் திரும்பி நடந்தபோது அந்தப் பெரியவர் கேட்டது காதில் விழுந்தது. "யாருங்க அது? சொந்தமா?"

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார். கேட்காதவர்களிடமும் சொல்லுவார். நான் நடையைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

"ஹெட் ஆபீஸ் ஆளு" என்றார் அண்ணன்.